சம்பளச் சீட்டில் மறைந்திருக்கும் கணக்கு

மாத இறுதியில் கைக்குக் கிடைக்கும் தொகை எவ்வளவு என்பதை அறியாத ஊழியர் எவரும் இல்லை. ஆனால் அத்தொகை எவ்வாறு கணக்கிடப்பட்டது, எவை கூட்டப்பட்டன, எவை கழிக்கப்பட்டன, கழிக்கப்பட்டவை எங்கே போய்ச் சேர்ந்தன என்று கேட்டால் விடை கூறக்கூடியவர்கள் மிகச் சிலரே. சம்பளச் சீட்டு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வழங்கப்படுகின்றது. சிறிய கடைகளிலும் பட்டறைகளிலும் அதுவும் வழங்கப்படுவதில்லை. கடித உறையொன்றில் பணம் வைத்துக் கொடுக்கப்படுகின்றது. பேரேட்டில் ஒரு கையொப்பம் பெறப்படுகின்றது. அத்துடன் அந்த மாதத்தின் கணக்கு முடிந்துவிடுகின்றது.

உண்மையில் கணக்கு அங்கே முடிவதில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து, வயது ஐம்பத்தைந்தை எட்டிய பின்னர் தொழில் அலுவலகத்தின் வாசலில் நிற்கும்போதுதான் அது மீண்டும் திறக்கப்படுகின்றது. அப்போது தெரியவரும் குறைகளைத் திருத்துவதற்கு முதலாளி இருப்பதில்லை, கடை இருப்பதில்லை, சில சந்தர்ப்பங்களில் பதிவேடும் இருப்பதில்லை. ஆகவே சம்பளக் கணக்கின் அடிப்படைகளை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அறிந்து வைத்திருப்பது நலம். இது ஊழியருக்கு மட்டுமன்றி, இரண்டு மூன்று பேரை வைத்து வியாபாரம் நடத்தும் சிறு முதலாளிக்கும் பொருந்தும். அவர்களிற் பலர் தீய நோக்கத்தினால் அன்றி, கணக்கு முறை தெரியாமையினாலேயே சிக்கலில் மாட்டிக்கொள்கின்றனர்.

முதலில் அறியவேண்டியது குறைந்தபட்சச் சம்பளமாகும். 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவான தேசியக் குறைந்தபட்ச வேதனத்தை முதன்முறையாக நிர்ணயித்தது. அதற்குச் செய்யப்பட்ட திருத்தங்களின்படி 2025 ஏப்ரல் 1 முதல் மாதமொன்றுக்கு 27,000 ரூபாவும், 2026 ஜனவரி 1 முதல் 30,000 ரூபாவும் குறைந்தபட்சத் தொகைகளாகும். நாட்சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு 2026 இலிருந்து ஆகக் குறைந்தது 1,200 ரூபா வழங்கப்படல் வேண்டும். 30,000 ரூபாவை 1,200 ஆல் வகுத்தால் 25 வரும். மாதத்துக்கு இருபத்தைந்து வேலை நாட்கள் என்ற அடிப்படையிலேயே இரு தொகைகளும் பொருந்துகின்றன என்பதை இதிலிருந்து கண்டுகொள்ளலாம்.

முன்னர் 2005 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் 1,000 ரூபாவும், 2016 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் 2,500 ரூபாவுமாக 3,500 ரூபா வரவு செலவுத் திட்ட நிவாரணப் படி என்ற பெயரில் தனியாகக் காட்டப்பட்டு வந்தது. 2025 இல் அப்படி குறைந்தபட்சச் சம்பளத்தினுள் உள்ளடக்கப்பட்டுவிட்டது. ஆதலால் 30,000 ரூபாவுக்குக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தைக் காட்டி, பழைய படியையும் கூட்டி ஈடு செய்துவிட்டோம் என்று இனிமேல் கூறமுடியாது.

அடுத்து வருவது ஊழியர் சேமலாப நிதியமாகும். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினால், ரி. பி. இலங்கரத்ன தொழில் அமைச்சராக விளங்கிய காலத்தில் இது நிறுவப்பட்டது. அரசாங்க உத்தியோகத்தருக்கு ஓய்வூதியம் இருப்பது போலத் தனியார் துறையில் உழைப்பவருக்கும் முதுமைக் காலத்தில் ஒரு பற்றுக்கோடு வேண்டும் என்பதே அதன் நோக்கமாகும். ஆரம்பத்தில் ஊழியரிடமிருந்து 4 சதவீதமும் தொழில்தருநரிடமிருந்து 6 சதவீதமும் அறவிடப்பட்டன. இன்று ஊழியரின் பங்கு 8 சதவீதம். தொழில்தருநரின் பங்கு 12 சதவீதம். இவை ஆகக் குறைந்த வீதங்களே. விரும்பினால் இதனிலும் கூடுதலாகச் செலுத்துவதற்குத் தடையில்லை. இந்நிதியத்தின் நிர்வாகம் தொழில் ஆணையாளர் நாயகத்திடமும், பணத்தின் பராமரிப்பும் முதலீடும் மத்திய வங்கியிடமும் உள்ளன. 4 ரில்லியன் ரூபாவைத் தாண்டிய இந்நிதியமே நாட்டின் மிகப்பெரிய சமூகப் பாதுகாப்பு நிதியமாகும். 2023 ஆம் ஆண்டில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு உட்படுத்தப்பட்டதும் இந்தப் பணமே என்பதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் இதனிலிருந்து வேறானது. 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இதற்குத் தொழில்தருநர் மட்டுமே 3 சதவீதம் செலுத்துகின்றார். ஊழியரிடமிருந்து ஒரு சதமேனும் கழிக்கப்படலாகாது. இரு நிதியங்களையும் ஒன்றெனக் கருதி, ஒன்றுக்கு விண்ணப்பித்துவிட்டு மற்றையதைக் கேட்காமலே விட்டுவிடுபவர்கள் இன்றும் உள்ளனர். நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில் உள்ள பணத்தைப் பெறுவதற்கு ஐம்பத்தைந்து வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேலையிலிருந்து விலகும்போது, ஐந்தாண்டுகளுக்கு ஒரு தடவை என்ற வரையறைக்கு உட்பட்டு அதனை மீளப் பெறலாம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடையும் பிள்ளைகளுக்கான உதவித்தொகை போன்ற நலன்களும் இந்நிதியத்தினால் வழங்கப்படுகின்றன.

இனி, இந்த வீதங்கள் எத்தொகையின் மீது கணக்கிடப்படுகின்றன என்ற வினா எழுகின்றது. சம்பளக் கணக்கின் உயிர்நாடி இங்கேதான் உள்ளது; ஊழியர் ஏமாற்றப்படுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

சேமலாப நிதியச் சட்டம் உழைப்பூதியம் என்று குறிப்பிடுவது அடிப்படைச் சம்பளத்தை மட்டுமன்று. வாழ்க்கைச் செலவுப் படி, விசேட வாழ்க்கைப் படி, இவற்றை ஒத்த ஏனைய படிகள், விடுமுறை நாட்களுக்கான கொடுப்பனவு, உணவுப் படி, தரகு ஆகியனவும் அதனுள் அடங்கும். துண்டு அளவில் வேலை செய்பவருக்கு அவ்வேலைக்கான கூலியே உழைப்பூதியமாகும். மேலதிக நேரக் கொடுப்பனவு அதனுள் சேராது. ஆண்டிறுதி மிகையூதியமும், உண்மையாகச் செலவிட்ட பயணச் செலவின் மீளளிப்பும் அவ்வாறே.

ஓர் உதாரணத்தைக் காண்போம். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் சிப்பந்தியாக உள்ள ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 42,000 ரூபா, வாழ்க்கைச் செலவுப் படி 6,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 48,000 ரூபா. பெருநாள் நெருங்கும் காலமாதலால் அம்மாதத்தில் 16 மணித்தியாலங்கள் மேலதிகமாக வேலை செய்திருக்கின்றார். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க, கடை மற்றும் காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் நாளொன்றுக்கு 8 மணித்தியாலங்களும் வாரமொன்றுக்கு 45 மணித்தியாலங்களுமே வழமையான வேலை நேரமாகும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒன்றரை மடங்கு வீதத்தில் கொடுக்கப்படல் வேண்டும். மாதச் சம்பளத்தை 240 ஆல் வகுத்தால் மணித்தியாலச் சம்பளம் கிடைக்கும். 48,000 ஐ 240 ஆல் வகுக்க 200 ரூபா. அதன் ஒன்றரை மடங்கு 300 ரூபா. 16 மணித்தியாலங்களுக்கு 4,800 ரூபா. (சம்பளச் சபைகளின் கீழ் வரும் கைத்தொழில்களில் 240 க்குப் பதிலாக 200 ஆல் வகுப்பதே முறையாகும். ஒரே சம்பளம் பெறும் இருவர் ஒரே அளவு மேலதிக நேரம் உழைத்தும் வெவ்வேறு தொகை பெறுவதற்கு இதுவே காரணம். ஆகவே தாம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.)

இப்போது அவருடைய மொத்தச் சம்பளம் 52,800 ரூபா. சேமலாப நிதியத்துக்கான 8 சதவீதம் 48,000 ரூபாவின் மீதே கணக்கிடப்படும். மேலதிக நேரத்தின் 4,800 ரூபா அதிற் சேராது. எனவே கழிவு 3,840 ரூபா. பெருநாள் முற்பணமாக வாங்கிய கடனுக்கு இம்மாதத் தவணை 3,000 ரூபா. இரண்டையும் கழித்தால் கையில் கிடைப்பது 45,960 ரூபா. 25,000 ரூபாவைத் தாண்டும் பற்றுச்சீட்டுக்குரிய 25 ரூபா முத்திரைத் தீர்வையையும் கழிக்கும் நிறுவனங்களில் அது 45,935 ரூபாவாக அமையும்.

முதலாளியின் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். 48,000 ரூபாவின் 12 சதவீதமான 5,760 ரூபாவைச் சேமலாப நிதியத்துக்கும், 3 சதவீதமான 1,440 ரூபாவை நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கும் அவர் தமது கையிலிருந்து செலுத்துதல் வேண்டும். ஆக, அந்த மாதத்தில் அச்சிப்பந்திக்காக அவர் செலவிடும் தொகை சரியாக 60,000 ரூபாவாகும். புதிதாக ஒருவரை வேலைக்கு அமர்த்த எண்ணும் சிறு வியாபாரி, பேசும் சம்பளத்துடன் இந்த 15 சதவீதத்தையும் சேர்த்தே தமது வரவு செலவைத் திட்டமிட வேண்டும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் சிறு வியாபாரம் எத்துணை நலிந்துள்ளது என்பதை நாம் அறியாமல் இல்லை. எனினும் அந்நெருக்கடியில் விலைவாசியின் சுமையை முதலிற் சுமந்தவர்கள் இதே சிப்பந்திகளின் குடும்பங்களே.

மேற்கூறிய அதே சிப்பந்தியின் 48,000 ரூபாவை வேறுவிதமாகப் பிரித்து எழுதுவோரும் உளர். அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபா. மீதி 18,000 ரூபா ஊக்குவிப்புக் கொடுப்பனவு. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் மீறப்படவில்லை. கூட்டுத்தொகையும் மாறவில்லை. சேமலாப நிதியம் மட்டும் 30,000 ரூபாவுக்குக் கணக்கிடப்படுகின்றது. ஊழியருக்கும் இதில் முதற்பார்வையில் மகிழ்ச்சியே. ஏனெனில் கழிவு 3,840 ரூபாவிலிருந்து 2,400 ரூபாவாகக் குறைந்து, மாதந்தோறும் 1,440 ரூபா கூடுதலாகக் கையில் கிடைக்கின்றது.

அவர் இழப்பது எவ்வளவு? சேமலாப நிதியத்தில் மாதம் 9,600 ரூபா சேரவேண்டிய இடத்தில் 6,000 ரூபாவே சேர்கின்றது. நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில் 1,440 ரூபாவுக்குப் பதில் 900 ரூபா. இரண்டிலும் மாதம் 4,140 ரூபா குறைகின்றது. ஆண்டொன்றுக்கு 49,680 ரூபா. பத்தாண்டுகளில் 496,800 ரூபா. இது வட்டி சேராத தொகை. 2023 ஆம் ஆண்டுக்குச் சேமலாப நிதியம் 13 சதவீத வட்டி வழங்கியது என்பதை நினைவிற் கொண்டால் உண்மையான இழப்பு இதனிலும் மிகப் பெரிதென்பது புலனாகும். இந்தப் பத்தாண்டுகளில் அவர் கூடுதலாகக் கையிற் பெற்றதோ 172,800 ரூபா மாத்திரமே.

பணிக்கொடையும் இதனுடன் சேர்ந்தே குறைகின்றது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட நிறுவனத்தில் ஐந்தாண்டுகளைப் பூர்த்தி செய்த ஒருவர் விலகும்போது, சேவையாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் வீதம் வழங்கப்படல் வேண்டும். இறுதியாகப் பெற்ற சம்பளமே அடிப்படையாகக் கொள்ளப்படும். பத்தாண்டு சேவைக்கு 48,000 ரூபாவின் அடிப்படையில் 240,000 ரூபா. 30,000 ரூபாவின் அடிப்படையில் 150,000 ரூபா. விலகிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் இது கொடுக்கப்படல் வேண்டும். தாமாக விலகியவருக்குப் பணிக்கொடை இல்லை என்று கூறி அனுப்பிவிடும் வழக்கம் பல இடங்களில் காணப்படுகின்றது. சட்டத்தில் அவ்வாறு எங்கும் இல்லை. மோசடி, கையாடல், நிறுவனத்தின் உடைமைக்கு வேண்டுமென்றே சேதம் விளைவித்தல் போன்ற காரணங்களுக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டவரிடமிருந்து, ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்கு மட்டுமே அதனைப் பிடித்துவைக்கலாம்.

பெயரை மாற்றிவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும் என்று எண்ணுவதும் தவறு. ஊக்குவிப்பு, சிறப்புப் படி, நிலையான கொடுப்பனவு என எப்பெயரில் எழுதினாலும், உற்பத்தியுடனோ விற்பனையுடனோ தொடர்பின்றி மாதந்தோறும் மாறாமல் வழங்கப்படும் தொகை வாழ்க்கைப் படியை ஒத்ததா என்றே ஆராயப்படும். அவ்வாறு தீர்மானிக்கப்படுமாயின் கடந்த ஆண்டுகளுக்கான நிலுவையும் மேலதிகக் கட்டணமும் ஒருசேர முதலாளியின் தலையில் விழும்.

பிரித்தெழுதும் இந்தக் கலையின் பாதிப்பை மலையகத் தோட்டத் தொழிலாளரைவிட அதிகமாக அனுபவித்தவர்கள் எவரும் இருக்கமாட்டார்கள். 2016 ஒக்டோபரில் கைச்சாத்திடப்பட்ட கூட்டு ஒப்பந்தம் நாட்சம்பளத்தை 730 ரூபாவாக உயர்த்தியதாக அறிவிக்கப்பட்டது. அதிலே அடிப்படைச் சம்பளம் 500 ரூபா மட்டுமே. வரவுக் கொடுப்பனவு 60 ரூபா, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140 ரூபா, விலைப் பங்குக் கொடுப்பனவு 30 ரூபா என மீதி 230 ரூபாவும் துண்டாடப்பட்டிருந்தது. சேமலாப நிதியம் 500 ரூபாவுக்கே செலுத்தப்பட்டது. இருபத்தைந்து நாட்கள் வேலை செய்த ஒருவருக்கு 12,500 ரூபாவின் 20 சதவீதமாக 2,500 ரூபா வைப்பிலிடப்பட்டது. 730 ரூபாவும் அடிப்படையாக இருந்திருப்பின் அது 3,650 ரூபாவாக இருந்திருக்கும். அத்தோடு, குறிப்பிட்ட நாட்கள் வேலைக்கு வராவிட்டால் வரவுக் கொடுப்பனவு இல்லை. குறிப்பிட்ட கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் உற்பத்தித்திறன் கொடுப்பனவு இல்லை. மழையினாலோ கொழுந்து இன்மையினாலோ அரைப்பேர் விழும் நாட்கள் வேறு. செக்ரோலில் எழுதப்படும் கணக்கைத் தொழிலாளி சரிபார்ப்பதற்கு வழியே இல்லாத நிலையில், 730 ரூபா என்ற எண் மேடைப் பேச்சுக்கு மட்டுமே பயன்பட்டது.

2019 ஜனவரி ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாகவும் விலைப் பங்கு 50 ரூபாவாகவும் அமைந்தன. பின்னர் சம்பளச் சபையினூடாக 2021 இல் 1,000 ரூபாவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவும் நிர்ணயிக்கப்பட்டன. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1,550 ரூபாவாக உயர்த்துவதற்கும், அரசாங்கத்தினால் 200 ரூபா வரவு ஊக்குவிப்பு வழங்குவதற்கும் முன்மொழியப்பட்டது. இரண்டையும் கூட்டி 1,750 ரூபா என்றே எங்கும் பேசப்பட்டது. 2016 இன் அனுபவத்தைக் கண்டவர்கள் நாட்சம்பளத்தையும் ஊக்குவிப்பையும் தனித்தனியே எழுதிப் பார்ப்பதே முறையாகும்.

வருமான வரிக்கு வருவோம். இக்கழிவு எல்லோரையும் தொடுவதில்லை. எனினும் இதனைப் பற்றிய தப்பபிப்பிராயங்கள் பலவாகும். உழைக்கும்போது செலுத்தும் வரி என முன்னர் அறியப்பட்ட முறை 2020 இல் கைவிடப்பட்டு, முற்கூட்டிய தனிநபர் வருமான வரி என்ற பெயரில் 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி மாதம் 150,000 ரூபா வரையான வேலை வருமானத்துக்கு வரி இல்லை. அதற்கு மேற்பட்ட முதல் 83,333 ரூபாவுக்கு 6 சதவீதம். அதனையடுத்து ஒவ்வொரு 41,667 ரூபாவுக்கும் முறையே 18, 24, 30 சதவீதங்கள். எஞ்சியதற்கு 36 சதவீதம்.

மாதம் 200,000 ரூபா பெறும் ஒருவருக்கு வரிக்குட்படுவது 50,000 ரூபா. வரி 3,000 ரூபா. இதே சம்பளத்துக்கு 2023 ஆம் ஆண்டின் வீதங்களின்படி 10,500 ரூபா கழிக்கப்பட்டது. 300,000 ரூபா பெறுபவருக்கு இப்போதைய வரி 18,500 ரூபாவாகும். எல்லையை ஒரு ரூபா தாண்டினால் முழுச் சம்பளத்துக்கும் வரி விழும் என்று அஞ்சிச் சம்பள உயர்வை மறுப்பவர்களும் இருக்கின்றார்கள். தாண்டிய பகுதிக்கு மட்டுமே அந்தப் படிநிலையின் வீதம் பொருந்தும்.

இங்கு கவனிக்க வேண்டிய இரு விடயங்கள் உள்ளன. சேமலாப நிதியத்துக்காகக் கழிக்கப்படும் 8 சதவீதத்தை முதலில் நீக்கிவிட்டு மீதிக்கு வரி கணக்கிட முடியாது. வரி மொத்தச் சம்பளத்தின் மீதே விழும். இரண்டாவது, சேமலாப நிதியக் கணக்கிற் சேராத மேலதிக நேரக் கொடுப்பனவும் மிகையூதியமும் வரிக் கணக்கிற் சேரும். ஒரே சம்பளச் சீட்டில் இரு கழிவுகளுக்கு இரு வேறு அடிப்படைத் தொகைகள் இருப்பது இதனாலேயாகும். கழித்த வரியை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்கு முன்னர் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்துவது தொழில்தருநரின் கடமையாகும். நிதியாண்டின் இறுதியில், கழிக்கப்பட்ட வரிக்கான சான்றிதழை ஊழியர் கேட்டுப் பெறவேண்டும்.

சட்டம் அனுமதிக்கும் கழிவுகளைத் தவிர வேறெதையும் முதலாளி தம் விருப்பப்படி கழிக்க முடியாது. உடைந்த கண்ணாடிக்கும், குறைந்த இருப்புக்கும், தாமதமாக வந்த பத்து நிமிடங்களுக்கும் மனம்போனபடி தொகை போட்டுக் கழிப்பது பல கடைகளில் எழுதாத சட்டமாக உள்ளது. அதனிலும் மோசமானது, நிதியத்துக்கான முதலாளியின் 12 சதவீதத்தையும் ஊழியரின் சம்பளத்திலிருந்தே எடுத்துவிடுவது. 50,000 ரூபா சம்பளம் என்று பேசி, மாத இறுதியில் 20 சதவீதத்தையும் கழித்து 40,000 ரூபாவைக் கையில் வைப்பது சட்டத்துக்கு முரணானது. ஊழியர் அதற்கு இணங்கிக் கையெழுத்திட்டிருந்தாலும் அந்த இணக்கம் செல்லாது.

பயிற்சிக் காலம், தற்காலிகம், பகுதிநேரம் என்ற காரணங்களும் பொருந்தா. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே சேமலாப நிதியம் உரியதாகும். ஒரே ஓர் ஊழியரை வைத்திருக்கும் கடைக்காரரும் பதிவு செய்தல் வேண்டும். விதிவிலக்குகள் சில உள்ளன: குடும்ப உறுப்பினர் மட்டுமே வேலை செய்யும் வியாபாரம், வீட்டுப் பணியாளர், பத்துக்குக் குறைவானவரைக் கொண்ட தரும நிறுவனங்கள் போன்றவை. வீட்டுப் பணியாளரை விலக்கி வைத்த 1958 ஆம் ஆண்டின் சிந்தனை இன்றும் தொடர்வது நியாயமானதல்ல என்பதே எமது கருத்தாகும். மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் கொழும்பு வீடுகளுக்கு வந்து ஆயுளைக் கழித்த எத்தனையோ பெண்களின் முதுமை வெறுங்கையுடனேயே வருகின்றது.

கழித்த பணம் போய்ச் சேர்ந்ததா என்பதே இறுதிக் கேள்வி. ஒரு மாதத்துக்கான பங்களிப்பு அடுத்த மாதத்தின் கடைசி நாளுக்கு முன்னர் செலுத்தப்படல் வேண்டும். தவறினால் தாமதத்தின் அளவுக்கேற்ப 5 சதவீதம் தொடக்கம் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் விதிக்கப்படும். கைநெருக்கடியின்போது இப்பணத்தை வியாபாரத்தில் உருட்டிவிட்டுப் பின்னர் கட்டலாம் என்று நினைக்கும் முதலாளி, எந்த வங்கியும் கேட்காத வட்டிக்குக் கடன் வாங்குகின்றார் என்பதே பொருள். ஊழியரின் 8 சதவீதம் அவருடைய பணமுமன்று. தொழில் திணைக்களம் இவ்வகை நிலுவைகளை நீதவான் நீதிமன்றத்தினூடாகத் தண்டப்பணம் போல அறவிட முடியும்.

ஆனால் திணைக்களம் செயற்படுவதற்கு முறைப்பாடு வேண்டும். முறைப்பாட்டுக்கு ஆதாரம் வேண்டும். மத்திய வங்கி அனுப்பும் கணக்குக் கூற்று முதலாளியின் மேசை லாச்சியிற் கிடக்குமாயின் அதனைக் கேட்டு வாங்குவதில் தயக்கம் கூடாது. சம்பளச் சீட்டில் 8 சதவீதம் கழிக்கப்பட்ட மாதங்களும், கூற்றில் வரவு வைக்கப்பட்ட மாதங்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதற்குப் பெரிய கணக்கறிவு தேவையில்லை. பொருந்தாவிட்டால் அண்மையிலுள்ள மாவட்டத் தொழில் அலுவலகத்தில், சம்பளச் சீட்டின் பிரதியுடன் எழுத்துமூலம் முறையிடலாம். சீட்டு வழங்காத இடங்களில் வேலை செய்பவர்கள் நியமனக் கடிதம், வங்கி வைப்பு விபரம், வரவுப் பதிவு என எஞ்சியுள்ள எதனையாவது பாதுகாத்து வைத்தல் வேண்டும்.

எம்மவர்களுக்கே உரிய இன்னொரு சிக்கல் பெயராகும். தந்தையின் பெயரை முதலெழுத்தாக எழுதும் வழக்கம் காரணமாக, பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், தேசிய அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், நிதியப் பதிவில் வேறொரு விதமாகவும் தமிழரின் பெயர்கள் காணப்படுகின்றன. முகம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுவதனால் முஸ்லிம்களுக்கும் இதே தொல்லைதான். தோட்டங்களில் அடையாள அட்டை பெறுவதற்கு முன்னரே வேலைக்குச் சேர்ந்தவர்களின் பெயரைக் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதிய கதைகள் ஏராளம். வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் நிறுவனங்களே இல்லாமற் போனதால் பதிவுகளைத் திருத்துவதற்குச் சான்று கூற எவருமில்லாத நிலையும் உண்டு. ஒருவர் நான்கு இடங்களில் வேலை செய்திருந்தால் நான்கு அங்கத்துவ இலக்கங்கள் இருக்கக்கூடும். அவற்றை ஒன்றிணைக்காவிட்டால் ஒரு கணக்கின் பணம் மட்டும் கிடைத்து ஏனையவை உறங்கிக் கிடக்கும்.

ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் சேமலாப நிதியத்தைப் பெறும் உரிமை உண்டாகின்றது. பத்தாண்டுகள் பங்களித்து, கணக்கில் 300,000 ரூபாவுக்கு மேல் வைத்திருப்பவர்கள் வீட்டுத் தேவைக்கோ மருத்துவத் தேவைக்கோ 30 சதவீதத்தை முன்கூட்டியே பெறவும் வழியுண்டு. இவ்விரு சந்தர்ப்பங்களிலும் விண்ணப்பத்துடன் முதலில் ஒப்பிடப்படுவது அடையாள அட்டை இலக்கமும் பெயருமே. பெயர்த் திருத்தத்துக்குத் தொழில்தருநரின் உறுதிப்படுத்தல் வேண்டியிருப்பதால், வேலையில் இருக்கும்போதே அதனைச் செய்து முடிப்பது இலகுவாகும். திருமணத்தின் பின்னரோ, பெற்றோர் காலமான பின்னரோ உரித்தாளியின் பெயரை மாற்றாமல் விட்டவர்களும் அதே நேரத்தில் அதனைச் செய்துகொள்ளலாம்.